கொட்டை எழுத்து

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அரசியல் கூட்டம் என்றால், தலைவர் வருவதற்கு முன்னே சுவரொட்டி வந்துவிடுகிறது. அதன் தடித்த எழுத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு கட்சியின் குரல் பொதுஜனங்களுக்கு முதன்முதல் எட்டுவது காது வழியாக அன்று, கண் வழியாகவே. ஆதலால் எழுத வேண்டியது நிரம்ப உண்டு.

தமிழ் அச்சுக்கு நமது பகுதி புதிதன்று. அண்டையிலுள்ள கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் புத்தகம் அச்சேறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் நடந்தது. இவையெல்லாம் கையில் வைத்துப் படிக்கும் எழுத்து. தெருவுக்கு அப்பாலிருந்து படிக்கும் எழுத்து வேறு ஜாதி. அது அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், லாட்டரிச் சீட்டுக்கும் நாடகத்திற்கும் விளம்பரம் ஒட்டப் பிறந்தது. தூண் போன்ற கனத்த செங்குத்துக் கோடு, மயிர் போன்ற மெல்லிய இணைப்பு, கோட்டின் முனையில் செரிஃப் என்னும் சிறு கட்டை: இதுவே அதன் அங்க லக்ஷணம். 1827-இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் அவ்வெழுத்தை மரத்தில் வெட்டும் முறையைக் கண்டபின், ஈயத்தில் வார்க்க இயலாத அளவுக்கும் அது வளர்ந்தது.

ஆங்கில எழுத்துக்குத் தூண் உண்டு. நமது எழுத்துக்குச் சுழியே உயிர். 'ண' என்பதன் சுழிகளை நாற்புறமும் தடிக்கச் செய்தால் உள்ளே வெளிச்சம் நுழைய இடமிராது. எங்கே கனக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்றறிந்து வரைந்த எழுத்துருக்கள் இல்லாமற் போகவில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் ஒன்பது கனங்களில் கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் நம்மவர் பலர் சாதாரண எழுத்தையே எடுத்து, மை பூசினாற்போல் ஊதவிட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இதில் முதலில் மடிவது புள்ளி. ஓலைச்சுவடியில் புள்ளியிட்டால் ஓலை கிழியுமென்று நம் முன்னோர் விட்டுவிட்டார்கள், படிப்பவர் ஊகித்துக்கொண்டார். அச்சு வளர வளரப் புள்ளி நிலைபெற்றது. அதை இப்பொழுது ஊதிய எழுத்து விழுங்குகிறது. 'வாழ்க' என்பது 'வாழக' ஆகிறது, 'வெல்க' என்பது 'வெலக' ஆகிறது. 'ஒழிக' என்பதற்குப் புள்ளி இல்லை. அது மட்டும் எவ்வளவு மையிலும் பிழைத்துக்கொள்கிறது!

இது சிறு குறை என்று நாம் கருதவில்லை. இத்தமிழ் ஆட்சிமொழியாக வேண்டுமென்று திருவிதாங்கூரிலே பல்லாண்டு போராடிய மண் இது. 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூட்டிலே உயிர் கொடுத்த மண். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. அத்தகைய செய்திக்கே கொட்டை எழுத்து உரியது. காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதே கனத்தைச் செலவிட்டால், பெரிய செய்தி வரும் நாளில் எந்த எழுத்தைத் தேடுவது?

கூட்டம் கூட்டும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர், நாள், பொருள் ஆகிய மூன்றுக்கு மட்டும் கொட்டை எழுத்தைக் கொடுங்கள். வரவேற்புக் குழுவின் பெயர்ப் பட்டியல் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும், கோபிப்பவர் கோபிக்கட்டும். ஆயிரம் பிரதிக்கு உத்தரவு கொடுக்குமுன் ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்புறம் நின்று, புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.