கொரியன் ராமென் ஆசையா? வாழைத்தண்டு போட்டு வீட்டிலேயே செய்யலாம் கார நூடுல்ஸ் சூப்!

கொரியன் சீரியலில் ஆவி பறக்கும் சிவப்பு நூடுல்ஸ் சூப்பைப் பார்த்ததும் நாக்கு ஊறுகிறதா? திண்டுக்கல் கடைகளில் பாக்கெட் ராமென் வாங்கி வெந்நீர் ஊற்றினால் வேலை முடிந்தது. ஆனால், பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

உப்பு எவ்வளவு?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மி.கிராமுக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில ராமென்களில் ஒரே பாக்கெட்டில் 1,500 மி.கிராமுக்கு மேல் இருக்கிறது. கடைசி சொட்டுவரை குடித்தால், அன்றைய கோட்டாவில் முக்கால்வாசி காலி. வீட்டில் செய்தால் உப்பு உங்கள் கையில்.

பர்மா தந்த ருசி

நூடுல்ஸ் சூப் நமக்குப் புதுசு இல்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, அங்கிருந்த தமிழர்கள் பெருமளவில் ஊர் திரும்பினர். சென்னை பர்மா பஜார் பகுதியில் விற்கும் அத்தோவும், கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பும் அவர்களோடு வந்தவைதான். பர்மாவின் மொஹிங்காவும் மீன், வாழைத்தண்டு சேர்த்த அரிசி நூடுல்ஸ் சூப்தான். மீன் இல்லாத அதன் எளிய வடிவம் இது.

என்னென்ன வேண்டும்? (2 பேருக்கு)

* அரிசி நூடுல்ஸ் அல்லது அரிசி சேவை – 120 கிராம்
* வாழைத்தண்டு – ஒரு சாண்
* சின்ன வெங்காயம் – 10
* பூண்டு – 6 பல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு நம்ம மாவட்டத்திலேயே விளைகிறது. வாசனை தூக்கலாக இருக்கும்.
* இஞ்சி – ஒரு துண்டு
* காய்ந்த மிளகாய் – 5
* வறுத்த கடலை மாவு – 2 டேபிள்ஸ்பூன்
* எண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன்
* உப்பு – முக்கால் டீஸ்பூன்
* மஞ்சள் தூள், எலுமிச்சை, மல்லித்தழை, அவித்த முட்டை, தட்டை

எப்படிச் செய்வது?

1. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். கறுக்காது.

2. மிளகாயை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு அரையுங்கள்.

3. விழுதை மஞ்சள் தூளுடன் குறைந்த தீயில், எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். வதக்கினால்தான் காரமும் நிறமும் சூப் முழுக்கப் பரவும்.

4. தண்டைப் பிழிந்து சேர்த்து, 1 லிட்டர் தண்ணீர், உப்பு போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

5. நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து வடியுங்கள். சூப்பிலேயே போட்டால் மாவு கரைந்து கஞ்சியாகிவிடும்.

6. கிண்ணத்தில் நூடுல்ஸ், அதன் மேல் சூப், பாதி முட்டை, மல்லித்தழை, உடைத்த தட்டை. கடைசியாக எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு சேர்ந்தால் உப்பு குறைந்தது தெரியாது.

கணக்கு என்ன?

இந்த அளவில், சூப்பில் சேர்க்கும் உப்பு ஒருவருக்கு சுமார் 2 கிராம். சோடியம் ஏறக்குறைய 800 மி.கி. பாக்கெட்டில் இருப்பதில் பாதிதான்.

காரம் தாங்கலையா? தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள், அது காரத்தைக் கழுவாது. ஒரு கப் தயிர் பக்கத்தில் இருந்தால் போதும்.