வழக்கு எண் நம் கையில் இருக்கிறதா? திருவண்ணாமலையில் காவல், நீதிமன்ற ஆவணங்களைப் பெறும் வழிகள்

2023 சனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு அருகே உள்ள தென்முடியனூரில், பல தலைமுறைகளாகத் தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தனர். மாவட்ட ஆட்சியரும் காவல்துறை அதிகாரிகளும் உடன் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயில் நுழைவு நடந்தது. இரு நிகழ்வுகளின் படங்களும் நாடெங்கும் சென்றன.

கோயில் நுழைவு ஒரு நாளில் முடிகிறது. அதுபோன்ற உரிமைக் கோரல்களை ஒட்டி எழும் புகார், எதிர்ப்புகார், கைது, பிணை, விசாரணை ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. அவற்றைப் படமெடுக்க எவரும் வருவதில்லை. அவை காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் தாள்களாக மட்டுமே இருக்கின்றன. அத்தாள்களில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அறியாத குடும்பம், தன் வழக்கைப் பற்றி ஊர்ப் பெரியவர் சொல்வதையும் காவலர் சொல்வதையும் நம்பியே இருக்க வேண்டியதாகிறது. ‘கேஸ் முடிந்துவிட்டது, சமாதானமாகப் போங்கள்’ என்ற சொல் செல்லுபடியாவது அங்கேதான். ஆகவே, எந்த ஆவணம் எவரிடம் இருக்கிறது, அதைக் கேட்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதைப் படிப்படியாக இங்கே தொகுத்துக்கொள்வோம்.

முதல் தாள்: ரசீதா, எஃப்.ஐ.ஆரா?

புகார் கொடுத்தவுடன் காவல் நிலையத்தில் பெரும்பாலும் தரப்படுவது சி.எஸ்.ஆர். ரசீது. அது மனு பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. வழக்கு பதிவாகிவிட்டது என்று பொருளன்று. வழக்குப் பதிவுக்கு அடையாளம் முதல் தகவல் அறிக்கையும் அதன் குற்ற எண்ணும். இவ்வேறுபாட்டை அறியாமல், ரசீதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் பல.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆம் பிரிவு, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனடியாக, கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதனை மேலும் உறுதியாக்குகிறது. வாய்மொழிப் புகாரை எழுதியபின் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுதல், வழக்குப் பதிதல், நகல் தருதல் ஆகியவற்றைப் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே செய்யத் தவறினால், துறை விசாரணையின் பரிந்துரைக்குப் பின் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அச்சட்டம் வழி செய்கிறது. வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு கூறுகிறது. நிலைய அதிகாரி மறுத்தால், புகாரை எழுத்து வடிவில் அஞ்சல் வழியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று, இளம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் ஆணையிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுசார் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஏற்றுவதில்லை என்று முடிவெடுக்கும் அதிகாரம் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் கீழுள்ளவருக்கு இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். நம்மவர்மீது எதிர்ப்புகார் பதிவாகியுள்ளதா என்பதையும் இவ்வழியில் அறிய முடியும். குற்றம் சாட்டப்பட்டவரும் தம்மீதான அறிக்கையின் நகலைக் காவல்துறையிடமோ நீதிமன்றத்திடமோ விண்ணப்பித்துப் பெறலாம் என்று அதே ஆணை கூறுகிறது.

நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சட்டப் பிரிவுகளை. கோயில் நுழைவைத் தடுத்த குற்றத்துக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ), சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புக்கு 3(1)(இசட்சி), பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியதற்கு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவை உரியவை. புகாரில் சொன்ன சாதி வசவு அறிக்கையில் விடுபட்டிருந்தால் அந்தப் பிரிவும் விடுபட்டுப்போகும். உடனே எழுத்து மூலம் சுட்டிக்காட்டுவது அவசியம். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொன்னால் ‘பின்னால் சேர்த்தது’ என்பார்கள்.

கைது: எழுதப்படாத மணி நேரங்கள்

‘விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள்’ என்ற தொடர் நம் ஊர்களில் அன்றாடம் கேட்பது. அழைத்துச் சென்ற நேரத்துக்கும் கைது எழுதப்பட்ட நேரத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் அடியும் சித்திரவதையும் நிகழ்கின்றன. 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு கொல்லப்பட்டபோது, அவர் தப்பியோடிவிட்டதாகவே காவல்துறை கூறியது. அப்பொய்யை உடைத்து உண்மையை நிறுவ நீண்ட சட்டப் போராட்டம் தேவைப்பட்டது.

1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று சட்டப் பிரிவுகளாகியுள்ளன. பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவின்படி, கைதின்போது கைதுக் குறிப்பாணை எழுதப்பட வேண்டும். குடும்பத்தினரோ உள்ளூர் மதிப்புமிக்கவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். 47, 48ஆம் பிரிவுகள் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லவும், உறவினருக்குத் தகவல் தரவும் கட்டாயப்படுத்துகின்றன. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 58ஆம் பிரிவு. 53ஆம் பிரிவின்படி மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கைதானவரோ அவர் நியமிப்பவரோ பெறலாம். காயம் இருந்தால் அந்த அறிக்கையே முதற்சான்று.

செயற்பாட்டாளர்கள் அதிகம் பயன்படுத்தாதது 37ஆம் பிரிவு. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் அனைவரும் காணும்படி வைக்க வேண்டும் என்றும், அதற்கென உதவி ஆய்வாளருக்கு அடுத்த கீழ்நிலையிலான துணை உதவி ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) தகுதிக்குக் குறையாத ஓர் அலுவலர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒருவரைக் காணவில்லை என்றால், திருவண்ணாமலை நகரக் காவல் நிலையத்திலோ தாலுகா காவல் நிலையத்திலோ நாம் கேட்க வேண்டிய கேள்வி: ‘37ஆம் பிரிவுப் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா? பொறுப்பு அலுவலர் யார்?’ கேட்ட நேரத்தையும் பதில் தந்தவரின் பதவியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்கொணர்வு மனு தேவைப்பட்டால் அக்குறிப்பு துணை நிற்கும்.

தடுப்புக் காவல் என்பது வேறு வகை. 2023 நவம்பரில் இம்மாவட்டத்தின் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு எதிராகப் போராடிய விவசாயிகள் எழுவர் மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டது. கண்டனம் எழுந்ததும் அறுவர் மீதான நடவடிக்கையை அரசு சில நாள்களில் விலக்கிக்கொண்டது. குண்டர் சட்ட ஆணையை மாவட்டங்களில் பிறப்பிப்பவர் ஆட்சியர். எனவே மூல வழக்கின் ஆவணங்களோடு, தடுப்பாணையையும் அதற்கான காரணங்களையும் தனியே கேட்டுப் பெற வேண்டும். அக்காரணங்கள் தடுத்து வைக்கப்பட்ட 5 நாள்களுக்குள் தரப்பட வேண்டும்.

நீதிமன்றத்தில் தேடுவது எப்படி?

குற்ற எண் தெரிந்தால் மின்-நீதிமன்றச் சேவைத் தளத்திலோ அதன் செயலியிலோ வழக்கைத் தேடலாம். தமிழ்நாடு, திருவண்ணாமலை மாவட்டம், பின் உரிய நீதிமன்ற வளாகம் எனத் தேர்ந்தெடுத்து, காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பெயரைக் கொண்டும் தேடலாம். ஆனால் ஆங்கிலத்தில் பெயரை எழுதும் முறை மாறுபடுவதால் பல வடிவங்களில் முயல வேண்டும். வழக்கு கிடைத்ததும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டால், அடுத்த வாய்தா, முந்தைய வாய்தாக்களில் நடந்தது, இறுதித் தீர்ப்பு ஆகியவற்றை எங்கிருந்தும் பார்க்கலாம்.

குற்றப்பத்திரிகை கோப்பில் எடுக்கப்பட்டபின் வழக்குக்குப் புதிய எண் கிடைக்கும். நடுவர் நீதிமன்றத்தில் சி.சி. எண், அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. எண். வன்கொடுமை வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றம் நேரடியாகவே கோப்பில் எடுக்கலாம். எனவே செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பகுதி நிகழ்வாயினும், உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு காணப்படவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறப்பு நீதிமன்றத்திலும் தேட வேண்டும்.

குற்றப்பத்திரிகையை எவரும் இணையத்தில் பார்க்க முடியாது; அதனைப் பொதுத்தளத்தில் ஏற்ற ஆணையிட உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் மறுத்துவிட்டது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும், வழக்கறிஞர் வைத்துள்ள பாதிக்கப்பட்டவருக்கும், எதிரி முன்னிலையான 14 நாள்களுக்குள் அது இலவசமாகத் தரப்பட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 230ஆம் பிரிவு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. உதவி எண் 15100.

தீர்ப்பு, சாட்சியம், உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகலுக்கு அந்தந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு கொடுக்க வேண்டும். மனுவில் வழக்கு எண், தரப்பினர் பெயர், உத்தரவுத் தேதி, தேவைப்படும் ஆவணம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். வழக்கில் தொடர்பற்ற ஆய்வாளரோ மாணவரோ விண்ணப்பித்தால், எதற்காகத் தேவை என்பதை விளக்கி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். இதற்குத் தகவல் உரிமைச் சட்டம் பயன்படாது. நீதிமன்ற விதிகளின் வழியே நகல் பெற வேண்டும் என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் குசராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

தகவல் உரிமைச் சட்டம் எங்கே உதவும்?

காவல்துறை, வருவாய்த்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை ஆகியவற்றிடம் உதவும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலுக்கு 48 மணி நேரம். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

– குறிப்பிட்ட காவல் நிலையத்தில் 2024ஆம் ஆண்டு முழுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்குகளின் குற்ற எண், பிரிவுகள், இன்றைய நிலை.

– அவற்றுள் 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை? ‘தவறான தகவல்’ என முடிக்கப்பட்டவை எத்தனை?

– ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவின் கூட்டத் தேதிகளும் நடவடிக்கைக் குறிப்புகளும். விதிப்படி அக்குழு 3 மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

– நிவாரணத் தொகை வழங்கப்பட்ட தேதிகள். பல குற்றங்களுக்கு வழக்குப் பதிவின்போது 25, குற்றப்பத்திரிகையின்போது 50, தண்டனையின்போது 25 விழுக்காடு என விதிகள் வகுத்துள்ளன.

‘விசாரணை நடக்கிறது’ என்று மட்டும் கூறி மறுக்க முடியாது. தகவல் தருவது விசாரணைக்கு எவ்வாறு தடையாகும் என்பதை விளக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் வழக்கில் கூறியுள்ளது. மறுப்பு வந்தால் 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாள்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

கவனிக்க வேண்டிய இரு திருப்பங்கள்

ஒன்று, பிணை. வன்கொடுமை வழக்கில் பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையைப் பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. இது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அறிவிப்பின்றி வழங்கப்பட்ட பிணையை நீக்கியது. சி.என்.ஆர். எண்ணையும் பெயர்த் தேடலையும் வாரந்தோறும் பார்த்துவந்தால் பிணை மனு நமக்குத் தெரியாமல் முடியாது.

இரண்டு, வழக்கை முடித்தல். காவல்துறை வழக்கைக் கைவிட்டால் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். அதில் கையொப்பமிடுவதோடு வேலை முடியவில்லை. நீதிமன்றத்தில் ஆட்சேப மனு தாக்கல் செய்யலாம். புகார்தாரரைக் கேட்காமல் வழக்கை முடிக்கக் கூடாது என்பது 1985 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வெற்றுத்தாளிலோ படித்துக் காட்டாத தாளிலோ எவரும் கையொப்பமிட வேண்டாம்.

பெற்ற ஆவணங்களைக் கையாள்வதிலும் பொறுப்பு வேண்டும். கைது என்பது குற்றம் நிரூபணமானதற்குச் சான்றன்று. இதனைப் பொய்வழக்குகளால் அலைக்கழிக்கப்பட்ட நம் மக்களை விட நன்கறிந்தவர் எவருமில்லை. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள், குழந்தைகள், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது அவர்களை ஆபத்துக்குள்ளாக்கும். முதல் இரு பிரிவினரைப் பொறுத்தவரை அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தம் ஊரின் வழக்குகளுக்கு ஒரு குறிப்பேடு தொடங்கலாம். அதில் குற்ற எண், பிரிவுகள், விசாரணை அதிகாரி, சி.என்.ஆர். எண், அடுத்த வாய்தா, நிவாரணத் தேதி ஆகிய ஆறு பத்திகள் போதும். அடுத்த முறை ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்று எவரேனும் சொல்லும்போது, அந்த வீட்டார் குறிப்பேட்டைத் திறந்து, வாய்தா எந்தத் தேதிக்கு என்று அவருக்கே காட்ட முடியும்.