மயிரிழை இடைவெளி

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மாதிரி ஊர்திகளை விற்கும் கடைகளில் ‘கிட்’ என்று வழங்கப்பெறும் அட்டைப்பெட்டி ஒன்று கிடைக்கும். மண்மேட்டைத் தாவிப் பாயும் சிறு டிரக் வண்டி ஒன்றன் படம் அதன் மூடியை அணிசெய்யும். உள்ளேயோ வண்டி இராது. அலுமினியத் தகடும், பற்சக்கரங்களும், சுருள்வில்களும், பால்பேரிங்குகளும், நூற்றுக்கணக்கான திருகாணிகளும் குறியிட்ட பைகளில் பிரித்து இடப்பட்டிருக்கும். எஞ்சினையும் ரேடியோக் கருவியையும் பெரும்பாலும் தனியே வாங்குதல் வேண்டும். இவற்றை விளக்கப் புத்தகத்தின் துணைகொண்டு ஒருவன் தன் கையாலேயே கோத்து முடிப்பானாயின், நான்கைந்து கிலோ எடையுள்ள வண்டி ஒன்று உருவாகும். மெய்யான வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவே உடைய அது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் மேடுபள்ளம் பாராது ஓடவல்லது.

கட்டி முடித்த வண்டிகளும் விற்பனைக்கு உண்டு. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிராக்ஸாஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டி-மேக்ஸ்’ அத்தகையது. அது பெரும் பெயர் பெற்றது. ஆயினும், கட்டிய வண்டியை வாங்கினவன் கல்லில் மோதி ஓர் உறுப்பு முறிந்தவுடன் திகைத்து நிற்பான். தானே கட்டினவனோ, எந்தத் திருகாணி எவ்விடத்தது என்பதை விரல்நுனியில் வைத்திருப்பான். முறிவும் தளர்வும் இவ்வண்டிக்கு அடிக்கடி நேர்வன ஆகலின், இவ்வேறுபாடு சிறிதன்று.

இதன் எஞ்சின் நிமிடத்திற்கு 30,000 சுற்றுக்கும் மேலாகச் சுழலும். அந்நடுக்கத்தில் வெறுமனே முடுக்கிய திருகாணி தானே கழன்றுவிடும். ஆதலின் உலோகத்தில் செல்லும் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு துளி திருகுப் பசை இடுதல் வேண்டும். பிளாஸ்டிக்கில் செல்வதற்கு அதனை இடலாகாது. இட்டால் பிளாஸ்டிக் வெடித்துப்போம். அதிர்வு தாங்கும் குழல்களில் சிலிக்கோன் எண்ணெயை நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழி தங்காவண்ணம் பார்த்தலும் இன்றியமையாதது.

இவ்வேலையில் கைவலிமையினும் பெரிதாகக் கருதத்தக்கவை மயிரிழை அளவான இடைவெளிகளே. எஞ்சினின் சிறு பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தோடு பொருந்துமிடத்தைக் காண்க. இரண்டையும் நெருக்கி வைத்தால் பற்கள் அரைபட்டுச் சூடேறும்; விலக்கி வைத்தால் பற்கள் மழுங்கி உதிரும். தேர்ந்தோர் மெல்லிய தாளின் கீற்று ஒன்றை இரண்டற்கும் நடுவே செலுத்தி, அழுத்தி, எஞ்சினை முடுக்கியபின் தாளை உருவிவிடுவர். தாள் கிழியாமல் மடிப்புமட்டும் பெற்று வெளிவருமாயின், அந்தத் தாளின் கனமே தக்க இடைவெளியாகும். இதனினும் எளிய அளவுகோல் வேறில்லை.

இனி எஞ்சினின் இயல்பைக் காண்போர் வியப்புறுவர். மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒன்று ஒவ்வொரு முறையும் தீப்பொறியை எழுப்பும். பழங்கால மாதிரி விமானங்களும் அவ்வாறே மின்கலத்தையும் கம்பிச்சுருளையும் சுமந்து பறந்தன. 1947ஆம் ஆண்டில் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் ‘குளோ பிளக்’ என்பதை விற்பனைக்குக் கொண்டுவந்து அச்சுமையை நீக்கினார். அதனுள் இருப்பது பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் ஒன்றே. தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தைத் தொடுத்து அதனைச் செந்நிறமாகக் காய்ச்சுவர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடுவர். அதன்பின்னும் சுருள் அணைவதில்லை. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தீண்டும்போது வேதிவினையால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பமும், எரிதலின் வெப்பமும், காற்று நெருக்குண்பதால் எழும் வெப்பமும் கூடிச் சுருளைக் கனன்றுகொண்டே இருக்கச் செய்யும்.

எரிபொருளின் பெரும்பகுதி மெத்தனாலே. நைட்ரோமீதேன் நூற்றில் 20 முதல் 30 பங்கு வரை இருப்பதே பெருவழக்கு. இருந்தும் மக்கள் இதனை ‘நைட்ரோ வண்டி’ என்றே வழங்குகின்றனர். இலக்கணம் கற்றோர் இதனைத் தலைமை பற்றிய வழக்கு என்று அமைதி கொள்ளலாம். நைட்ரோமீதேன் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருத்தலின், குறைந்த காற்றிலும் மிகுந்த எரிபொருள் எரிந்து ஆற்றல் பெருகுகின்றது. எஞ்சியது எண்ணெய். இவ்வெஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே உறுப்புகளை வழுவழுப்பாக வைத்திருக்கும்.

எஞ்சினின் வாழ்நாள் முதல் ஐந்தாறு தொட்டி எரிபொருளில் தீர்மானமாகிவிடும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது மேலும் கீழும் ஓடும் உறை, குரோமியம் பூசிய பித்தளையால் ஆனது. உறையின் மேற்பகுதி சற்றே குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூடேறியதும் பித்தளை விரிந்து, இரண்டும் மயிரிழை இடைவெளியோடு பொருந்தும். இதனை அறியாதவன், புது எஞ்சின் சுழல மறுக்கிறதே என்று குளிர்ந்த நிலையிலேயே வலிந்து இழுத்து, இணைப்புத்தண்டை வளைத்துவிடுவான். அறிந்தவனோ, தலைமயிர் உலர்த்தும் கருவியால் எஞ்சினின் தலையை முன்னதாகச் சூடாக்கிக்கொள்வான். பின்னர் எரிபொருள் மிகுதியாகச் செல்லுமாறு கார்புரேட்டரின் ஊசியைத் திறந்துவைத்து, மெதுவாக ஓடவிடுவான். ஒவ்வொரு தொட்டி முடிந்தபின்பும் முற்றும் ஆறவிடுவான். புதிய காளையை முதல்நாளே பாரவண்டியில் பூட்டுவார் உளரோ?

பழக்கியபின் ஊசியைச் சிறுகச் சிறுக மூடி வேகத்தைக் கூட்டுவர். இங்கேயே பலர் கெடுகின்றனர். ஊசியை மேலும் சிறிது மூடினால் வண்டி இன்னும் சீறிப் பாய்வதுபோல் தோன்றும். ஆனால் எரிபொருள் குறையும்போது அதனோடு வரும் எண்ணெயும் குறையும், வெப்பமோ ஏறும். சில நிமிடங்களில் பிஸ்டனும் உறையும் உராய்ந்து பொலிவிழந்து, பல வாரச் சேமிப்பில் வாங்கிய எஞ்சின் பயனற்ற இரும்பாகும். ஓட்டத்தின் நடுவே நிறுத்தி, எஞ்சினின் தலையில் ஒரு துளி நீரை இட்டுப் பார்ப்பது பழைய முறை. நீர் நான்கைந்து நொடி பொங்கி மறைந்தால் நன்று; இட்டவுடனே சீறிப் பறந்தால் ஊசியை உடனே திறத்தல் வேண்டும். ஓடும் வண்டியின் பின்னே நீலப்புகை மெல்லிழையாகத் தோன்றுவது நற்குறி.

முன்னர் 27, 75 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் ரேடியோக் கருவிகள் இயங்கியபோது, ஒரே அலையை இருவர் பயன்படுத்தினால் ஒருவன் வண்டி மற்றவன் ஆணைக்கு உட்பட்டுத் தறிகெட்டு ஓடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அவ்வச்சம் பெரிதும் நீங்கியது. எனினும் அலை அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டை ஓட்டத்திற்குமுன் சோதித்தறிதல் கட்டாயம். அவ்வேகத்தில் வரும் ஐந்து கிலோ எடை ஒருவன் கணுக்காலை முறிக்கப் போதுமானது.

எரிபொருளும் அஞ்சத்தக்கதே. மெத்தனால் சிறிதளவு உட்சென்றாலும் கண்பார்வையைப் போக்கும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதரிது. நைட்ரோமீதேன் வெடிமருந்து செய்யவும் பயன்படுமாதலின், 16 விழுக்காட்டிற்கு மேல் அது கலந்த எரிபொருளை உரிமமின்றிப் பொதுமக்கள் வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு முதல் தடைசெய்துள்ளது. மின்கலத்தால் ஓடும் வண்டிகள் இக்காலத்தில் பெருகியமைக்கு, அவற்றைப் பேணுவது எளிதாக இருப்பது ஒரு காரணம்.

ஓட்டம் முடிந்த பின்னரும் வேலை முடிவதில்லை. புழுதி படிந்த காற்று வடிகட்டியைக் கழுவி உலர்த்தி எண்ணெயிடுதல் வேண்டும். மணல் ஒரு துகள் உட்புகுந்தாலும் உறையைக் கீறிவிடும். மெத்தனால் ஈரத்தை ஈர்த்துப் பேரிங்குகளைத் துருவேற்றும் இயல்பினது. ஆதலின் தொட்டியைக் காலிசெய்து, உள்ளே எஞ்சியதை எரித்துத் தீர்த்து, சில துளி எண்ணெயை எஞ்சினுள் விடுவர். இறுதியில் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்துவர். உச்சியில் நின்றால், பித்தளை உறை குளிர்ந்து சுருங்கி அதனைக் கவ்விக்கொள்ளும்.