உருமறைப்பு: கணவாயும் போலிப் பாரிஸும்



உருமறைப்பு என்றதும் குழை கட்டிய வாகனமும் பச்சைப் புள்ளிச் சீருடையும்தான் எம்மவர் பலருக்கு நினைவில் வரும். ஆனால் இந்த வித்தையின் முதல் ஆசிரியர் இயற்கைதான்.

லா சப்பல் கடைகளில் நாம் வாங்கும் கணவாயை எடுத்துக்கொள்வோம். அதன் தோலில் ஏராளமான நிறப்பைகள் உண்டு. சிறு தசைகள் அவற்றை விரித்துச் சுருக்க, ஒரு நொடிக்குள் மணலில் மணலாகவும் பாறையில் பாறையாகவும் அது தோன்றும். புலியின் செம்மஞ்சள் நிறம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. மானின் கண்ணுக்கோ அது பச்சையிலிருந்து வேறுபடுவதில்லை. ஆக, உருமறைப்பு என்பது பார்ப்பவரின் கண்ணை அறிந்து ஏமாற்றுவது.

பிரெஞ்சுப் படை இதைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1914இல் சிவப்புக் காற்சட்டையுடன் களமிறங்கிய வீரர்கள் எதிரிக்கு எளிதான இலக்கானார்கள். 1915இல் ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன் சின்னம் பச்சோந்தி.

1918இல் ஜேர்மனியக் கோத்தா விமானங்கள் இரவில் பாரிஸ் மீது குண்டு வீசின. அவற்றைத் திசைதிருப்ப, போலிப் பாரிஸ் ஒன்றை உருவாக்கத் திட்டமிட்டார்கள். நான் வசிக்கும் ஒபர்வில்லியேயின் தொழிற்சாலைகளுக்கும் கார் து நோர், கார் து லெஸ்ற் நிலையங்களுக்கும் வடகிழக்கே, வில்பான்ட் பக்கத்து வயல்வெளியில் போலிகள் திட்டமிடப்பட்டன. ஜக்கோப்போஸி என்ற மின்விளக்கு நிபுணர், ஓடும் ரயில் போலத் தெரிய விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டார். தொழிற்சாலைக் கூரைகளுக்கு வண்ணம் பூசிய துணி. வேலை முடியுமுன் நவம்பரில் போரே முடிந்துவிட்டது. இதே ஜக்கோப்போஸிதான் 1925இல் ஈபிள் கோபுரத்தை மின்விளக்குகளால் அலங்கரித்தவர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நகரைத் தப்பும் குண்டு எங்கே விழும்? வயலோரக் கிராமத்தவரின் தலையில்தானே?

1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறை, உருமறைப்பையும் போலி இலக்குகளையும் தடை செய்யவில்லை. ஆனால் பொதுமகனாக நடித்துத் தாக்குவது குற்றம். செஞ்சிலுவைச் சின்னத்தைத் தாக்குதலுக்கு மறைப்பாகப் பயன்படுத்துவதும் குற்றமே. காரணம் தெளிவானது. போராளிக்குக் காப்பு மறைந்திருப்பதில். நோயாளிக்கும் குழந்தைக்கும் காப்பு, யாரென்று தெளிவாகத் தெரிவதில்.

அந்தக் காப்பும் பொய்த்ததை நாம் அறிவோம். 2009இல் வன்னி மருத்துவமனைகள், இருப்பிடம் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் எறிகணைக்கு இலக்காகின என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறியது. கண்ணை ஏமாற்றுவது தந்திரம். கண்டும் காணாததுபோல் சுடுவதற்கு என்ன பெயர் என்பதை எங்கள் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.