40 சதவீதத்தை யார் அளக்கிறார்கள்?

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் இறால் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' முறை இருக்கிறது. ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வலை போட முறை வரும். அந்தக் கணக்கு குப்பத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. ஆனால், மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கு அரசின் உதவி எந்தக் கணக்கில் கிடைக்கும் என்பதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு.

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை, 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக்கியது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றில் அடங்கும். முக்கியமான சலுகைகளைப் பெற 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இதே அளவுதான்.

சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அறிவுசார் குறைபாட்டுக்கு 'வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்' பயன்படுகிறது. அமெரிக்காவில் எட்கர் டால் 1935-ல் வெளியிட்ட இதை, மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்றபடி 89 கேள்விகளாக மாற்றியமைத்தார். பிள்ளை தானாகச் சாப்பிடுகிறதா, உடுத்திக்கொள்கிறதா, அக்கம்பக்கம் தனியே போய்வருகிறதா, கடையில் சில்லறைச் சாமான் வாங்குகிறதா என்று உளவியலாளர் கேட்பார். பதில் சொல்வது பெரும்பாலும் அம்மாதான். அந்தப் பதில்களிலிருந்து 'சமூக வயது' கிடைக்கும். அதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் மதிப்பெண்.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையின்படி 70 முதல் 84 வரை எடுத்தால் 25 சதவீதம். 55 முதல் 69 வரை 50 சதவீதம். அதற்கும் கீழே 75, 90, 100. அதாவது, சட்டம் கேட்கிற 40 என்ற எண் இந்த ஏணியிலேயே இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் சமூக வயது சரியாக ஏழு என்றால் மதிப்பெண் 70, உதவித்தொகை இல்லை. அதுவே ஆறு வருடம் பத்து மாதம் என்றால் மதிப்பெண் 68, உதவித்தொகை உண்டு. இரண்டொரு பதிலில் கணக்கு புரண்டுவிடும்.

இங்குதான் குப்பத்தின் வாழ்க்கை குறுக்கே வருகிறது. சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சூழ்ந்த ஊரில் சின்னப் பிள்ளையும் தனியே சுற்றும். வழி தவறினால் யாராவது ஒரு சித்தி கூட்டிவந்து விடுவாள். "தனியா போவான் சார்" என்று அம்மா சொல்வது பொய்யல்ல. ஆனால் நகரத்துத் தெருவில் தனியே போவதும் இதுவும் ஒன்றல்ல. பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஊட்டிவிடுவதை மறைத்து "தானா சாப்புடுவான்" என்பதும் உண்டு. இந்த அளவுகோல், 'செய்ய முடியுமா' என்று கேட்பதில்லை. யாரும் தூண்டாமல் வழக்கமாகச் செய்கிறதா என்றுதான் கேட்கிறது. வீட்டில் நடப்பதை நடக்கிறபடியே சொன்னால் போதும்.

வயதும் ஒரு கணக்கு. அதே நெறிமுறைப்படி ஐந்து வயதுக்குள் 'வளர்ச்சித் தாமதம்' என்றே குறைபாட்டுச் சான்று கிடைக்கும். பிறகு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-ல் பெறுவது ஆயுள் முழுக்கச் செல்லும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சான்று இல்லாவிட்டாலும் அங்கே பயிற்சி தொடங்கலாம். மூளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகளில் அதுதான் அவசரம்.

சிறுவயதில் சான்று வாங்காதவர் 25 வயதிலும் விண்ணப்பிக்கலாம். சுயமாக முடிவெடுக்க இயலாத பெரியவருக்கு, 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் அடங்கிய உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். பதினெட்டு முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கும் மனுப் போட வேண்டும்.