பழைய கார் வாங்குவது எப்படி? கிளட்ச் மிதிப்பது எப்படி?

போன தடவை இதே இடத்தில் நான் வானவில் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கார் பற்றி எழுதுறேன். "உனக்கு லைசென்ஸே கிடையாதே, உனக்கென்ன தெரியும்?"னு கேட்பீங்க. உண்மைதான். கார் லைசென்ஸ் எடுக்க 18 வயசு ஆகணும். 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி, 18 வயசு ஆகாதவங்க வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. (பைக்கில் வரும் பத்தாம் வகுப்பு அண்ணன்மார் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.) அதனால் நான் ஓட்டலை. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுறேன், அவ்வளவுதான்.

எங்க வீட்டில் இரண்டு டிரைவர் உண்டு. ஆனால் ஓட்ட ஆள் இல்லை! அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏத்திப் போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். தாத்தா 31 வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போ அவருக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யலை. வாரத்தில் இரண்டு நாள் சிவகங்கைக்குப் போய் டயாலிசிஸ் செய்யணும். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் டயாலிசிஸுக்குக் காசு இல்லை. போய் வரத்தான் காசு. பஸ்ஸில் போனால் ஒரு இடத்தில் இறங்கி மாறணும். டயாலிசிஸ் முடிஞ்சதும் தாத்தாவுக்குக் கிறுகிறுன்னு வரும். போன தை மாசம் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துட்டார். நெற்றியில் மூணு தையல். அன்னைக்கு ராத்திரிதான் அம்மா சொன்னாங்க, "ஒரு பழைய கார் வாங்குவோம். நானே ஓட்டுறேன்."

சீட்டு எடுத்த பணம், அம்மாவோட தோடு அடகு வெச்ச பணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அதுக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஏமாந்தால் தோடும் போச்சு, காரும் போச்சு.

முதலில் ஒரு புரோக்கர் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு மீட்டரில் காட்டியது. தாத்தா காரைச் சுற்றிக்கூடப் பார்க்கலை. கதவைத் திறந்து குனிஞ்சு பெடலைப் பார்த்தார். "தாயி, இந்த ரப்பரைப் பாரு"ன்னார். பிரேக், கிளட்ச் இரண்டிலும் ரப்பர் வழவழன்னு தேஞ்சு, ஓரம் கிழிஞ்சு இருந்தது. 42,000-ல் அப்படித் தேயாது. மீட்டரைத் திருப்பி வைக்கலாம், பெடலைத் திருப்பி வைக்க முடியாது!

அடுத்து காந்தம். (அறிவியல் டீச்சர், உங்ககிட்ட வாங்கின காந்தம் இதுக்குத்தான். திருப்பிக் கொடுத்துட்டேன்.) கார் உடம்பு இரும்புத் தகடு. மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவில் வெச்சா ஒட்டணும். அடிபட்டு நசுங்கின இடத்தில் பட்டி பூசி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சிருந்தால் ஒட்டாது. அந்த வெள்ளைக் காரில் இடது பக்கம் பின் கதவிலிருந்து டிக்கி வரைக்கும் காந்தம் வழுக்கிக்கிட்டே போச்சு. பம்பரிலும் ஒட்டாது, ஆனால் அது பிளாஸ்டிக், அதுக்குப் பயப்பட வேண்டாம். புரோக்கருக்கு என்மேல் கோபம். "சின்னப் புள்ளைய வெச்சு வண்டி பார்க்க வந்திருக்கீங்க"ன்னார். நாங்க திரும்பிட்டோம்.

இரண்டாவது பார்த்தது 2013 மாடல் ஆல்ட்டோ 800. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வெச்சிருந்தது. 96,000 கிலோமீட்டர். பார்க்க அழகே இல்லை, முன்னாடி ஒரு கீறல்கூட இருந்தது. தாத்தா காலையில் ஆறு மணிக்கே போகணும்னு சொல்லிட்டார். ஏன்னா ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின்தான் உண்மை பேசும். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சுட்டா பல கோளாறு மறைஞ்சுடும். பேனட்டைத் தொட்டுப் பார்த்தோம், ஜில்லுன்னு இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தோம். அங்கே பால் கலந்த காபி மாதிரிப் பசை இருந்தால் ஆயிலில் தண்ணி கலக்குதுன்னு சந்தேகப்படணும். இங்கே இல்லை. பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சர் பக்கம் நின்னு புகையைப் பார்த்தோம். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்குது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகுது. சூடான பிறகும் வெள்ளையாகவே குபுகுபுன்னு வந்தால் தண்ணி உள்ளே போகுது. (குளிர் காலையில் முதலில் கொஞ்சம் வெள்ளை வர்றது சாதாரணம்.)

டயரில் ஒரு ரகசியம் இருக்கு. பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். நம்ம பள்ளிக்கூட மரத்தடியில் ஆசிரியர்களோட வண்டி நிற்கும் இடத்தில் போய்ப் பாருங்க, எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு சாரோட டயருக்கு வயசு அதிகம். யாருன்னு சொல்ல மாட்டேன்.

ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு நான்தான் படிச்சுச் சரிபார்த்தேன். பேங்க் கடன் இருந்தால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும், அதை நீக்கிய பிறகுதான் வாங்கணும். இன்னொண்ணு, சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். அப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அஞ்சு வருஷம் புதுப்பிக்கணும். இந்தக் காருக்கு 2028-ல் முடியுது. அதைச் சொல்லித்தான் மாமா 12,000 ரூபாய் குறைச்சார். 1,38,000-க்கு முடிஞ்சது. மிச்சப் பணம் பேர் மாத்தவும் இன்ஷூரன்ஸுக்கும். வண்டி கை மாறின 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் நம்ம பேருக்கு மாத்த எழுதிக் கொடுத்துடணும். இதைப் பலர் மறந்துடறாங்க.

இப்போ கிளட்சுக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

கார் நிற்கும்போதும் இன்ஜின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 900 தடவை சுற்றிக்கிட்டே இருக்கும். ஆனால் சக்கரம் சுற்றாமல் நிற்குது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் டபக்குன்னு சேர்த்தால் என்ன ஆகும்? இன்ஜின் திணறி ஆஃப் ஆயிடும். அதுக்காகத்தான் நடுவில் கிளட்ச் தட்டு. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கு. அதன்மேல் கிளட்ச் தட்டை ஒரு ஸ்பிரிங் அமுக்கிப் பிடிச்சிருக்கும். பெடலை மிதிச்சால் அந்த அமுக்கம் விலகித் தட்டு பிரியும். காலை எடுத்தால் சேரும். நான் மிதிச்சாத்தான் சேரும்னு நினைச்சிருந்தேன். நேர் எதிர்!

தாத்தா பஸ் டிரைவர் இல்லையா, பஸ்ஸை வெச்சே சொன்னார். "நகர்ற பஸ்ஸில் ஏறுறவன் என்ன பண்ணுவான்? கொஞ்ச தூரம் கூடவே ஓடி, பஸ் வேகம் வந்ததும் ஏறுவான். நின்னுக்கிட்டே கம்பியைப் பிடிச்சா கீழே விழுவான்." அந்தக் கூட ஓடுற நேரம்தான் ஆஃப் கிளட்ச். (பஸ்ஸில் நீங்க அப்படி ஏறாதீங்க.) தட்டு உரசி உரசி, இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒன்றாகும். பாடத்தில் உராய்வு நன்மையா தீமையான்னு கேட்பாங்களே, இங்கே உராய்வு இல்லாவிட்டால் கார் நகரவே நகராது. ஆனால் ஓட்டும்போது சும்மா கிளட்ச் மேலேயே காலை வெச்சிருந்தால் அதே உராய்வு தட்டைத் தீய்ச்சுடும். கருகின நாத்தம் வரும்.

அம்மா டவுனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல்.எல்.ஆர். எடுத்து, பத்தே நாளில் நல்லா ஓட்டினாங்க. நம்ம காரில் உட்கார்ந்ததும் ஒரு அடிகூட நகரலை! ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பாதி நேரம் மிதிச்சது அவர்தான் போல.

கோடையில் தண்ணி வத்தின கண்மாய்க்குள் பழகினோம். லைசென்ஸ் உள்ள மாமா பக்கத்தில், நானும் தாத்தாவும் பின்னால். அம்மா செருப்பைக் கழற்றிட்டு, சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கிட்டு உட்கார்ந்தாங்க. எத்தனை தடவை ஆஃப் ஆகுதுன்னு நான் ரஃப் நோட்டில் கோடு போட்டேன். முதல் நாள் 23. இரண்டாம் நாள் 17. மூணாம் நாள் 19 (மாமா கத்தினதால் கூடிப் போச்சு). ஆறாம் நாள் 4. கரைமேல் நின்ன ஒருத்தர், "பொம்பளைக்கு ஏன் இந்த வேலை, ஒரு டிரைவரைப் போட வேண்டியதுதானே"ன்னார். அம்மா பதில் சொல்லலை. டிரைவருக்குச் சம்பளம் யார் தர்றதுன்னு எனக்குக் கேட்கத் தோணிச்சு, கேட்கலை.

தாத்தா ஆக்சிலேட்டரைத் தொடவே விடலை. "ஏம்மா, கிளட்சை மட்டும் மெள்ள விடு. சத்தம் எங்கே கம்முதோ அங்கே காலை நிறுத்து." அந்த இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கும், கார் லேசாச் சிலிர்க்கும். அதுதான் பிடிக்கிற இடம். அதைக் கால் கண்டுபிடிச்சுட்டால் பாதி டிரைவிங் முடிஞ்சது.

கியர் எதுக்கு? மூட்டை வெச்ச சைக்கிளை நின்ன இடத்திலிருந்து கிளப்புறது கஷ்டம், ஓட ஆரம்பிச்சால் லேசு. முதல் கியரில் இன்ஜின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகம் கம்மி, பலம் அதிகம். மேல் கியரில் வேகம் அதிகம், பலம் கம்மி. தாத்தா ஓட்டின பழைய பஸ்ஸில் கீழ் கியருக்கு வரக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்கணுமாம். இப்போ உள்ள கியர் பெட்டிக்குள் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் இருப்பதால் ஒரு தடவை போதும்.

கடைசிப் பரீட்சை கண்மாய்க் கரை ஏற்றம். நடுவில் நிறுத்தி எடுக்கணும். பிரேக்கை விட்டால் கார் பின்னால் உருளும். அம்மா இரண்டு தடவை உருட்டிட்டாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். வழி இதுதான்: கை பிரேக்கை இழுத்துடணும். முதல் கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை விடணும். கார் முன்பக்கம் லேசாக எம்பும். அப்போ கை பிரேக்கை இறக்கினால் கார் பின்னால் போகாது. மூணாவது தடவை கார் ஏறிச்சு. தாத்தா கை தட்டலை. "ம்"னு மட்டும் சொன்னார்.

ஆனி மாசம் அம்மாவுக்கு லைசென்ஸ் வந்தது. முதல் வியாழக்கிழமை லீவு போட்டுட்டு நானும் போனேன் (லீவ் லெட்டர் கொடுத்தேன் சார்). சாயங்காலம் திரும்பும்போது தாத்தா முன் சீட்டைச் சாய்ச்சுப் படுத்திருந்தார். ரோட்டில் மாடு வந்தது, வேகத்தடை வந்தது. அம்மா மூணிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூணுன்னு மாத்திக்கிட்டே வந்தாங்க. கார் ஒரு தடவைகூடக் குலுங்கலை. ஊர் வந்து வண்டியை நிறுத்தி நான் தட்டி எழுப்பும் வரை தாத்தா தூங்கிக்கிட்டேதான் இருந்தார்.