கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது?

"கம்ப்யூட்டர் வேலை செய்யலை, பார்மட் பண்ணிடலாமா?" திண்டுக்கல்லில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பார்மட் செய்தால் அதில் உள்ள போட்டோக்களும் கணக்கு பைல்களும் போய்விடும். பல நேரங்களில் பழுது அங்கே இருப்பதே இல்லை. பூட்டுக்குப் பெயர் பெற்றது எங்கள் ஊர். பூட்டு திறக்கவில்லை என்றால் முதலில் சாவி சரிதானா என்றுதான் பார்ப்போம். எடுத்தவுடன் பூட்டை உடைப்பதில்லை.

ஸ்விட்ச் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பழுது எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

விளக்கே எரியவில்லையா?

மின்சாரத்தைச் சோதியுங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது இயங்கினால், கோளாறு யு.பி.எஸ்.ஸில்தான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டா?

மானிட்டர் கேபிளை இரு பக்கமும் அழுத்திச் செருகுங்கள். பீப் ஒலி திரும்பத் திரும்ப வந்தால் ராம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

எழுத்துகள் வருகின்றன, விண்டோஸ் வரவில்லையா?

செருகியுள்ள பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். தேதியும் நேரமும் தினமும் பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இயக்கினால், மீட்க முடிந்த பைல்களும் கெட்டுவிடலாம்.

விண்டோஸ் வந்து, பிறகு தகராறா?

இங்கே சாப்ட்வேரைச் சந்தேகிக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் ஹார்டுவேர் எதுவும் கெடவில்லை. சேப் மோடில் நுழைந்து அந்த ஒரு பைலை நீக்கியதும் கம்ப்யூட்டர்கள் எழுந்துகொண்டன.

நீங்களும் ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கிளிக் செய்யுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐத் தட்டினால் சேப் மோட் கிடைக்கும். அங்கே ஒழுங்காக இயங்கினால், கடைசியாக இன்ஸ்டால் செய்த புரோகிராமை நீக்கிப் பாருங்கள்.

சிறிது நேரம் ஓடி அணைந்துவிடுகிறதா?

எங்கள் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் இது சகஜம். பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள கம்ப்யூட்டர் தானாக அணையும். பிளக்கைப் பிடுங்கி, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் தூசியை ஊதித் தள்ளுங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து இயக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதற்கு முன் திரையில் வந்த செய்தியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகே பார்மட்டுக்குச் சம்மதியுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கே பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி 48 இலக்க ரெகவரி கீ. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் பதிவாகி இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் இன்றைக்கே அதைத் தேடி எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.